டெய்லர் அக்காவின் கீபோர்டு

எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும்விட வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் பத்தாம் வகுப்பில் தோற்றவர். இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தை அம்மா ஊரில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் கண்ணில் அறைகிற மாதிரி மாட்டியிருக்கிறார். மின்கணக்கு எடுக்க வருகிறவர்கூட அதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. எந்தப் பேச்சையும் 'நான் டிகிரி படிக்கும்போது' என்றுதான் தொடங்குவேன். அலுவலகத்தில் எனக்கு 'டிகிரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அது கிண்டல் என்று புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிற குறிப்புகளைக் காதில் கேட்டு அப்படியே அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நீளமான ஓர் அறை, இருபது மேசை. ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு மிதி. அழுத்தினால் மருத்துவர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். மேற்பார்வையாளர் கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார், சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். அதனால் அவர் 'ஸ்டாப்வாட்ச்'. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் எங்களை அடிக்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று சுவரில் இருக்கிற வெள்ளைப் பலகையில் எழுதுவார். தப்பான ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து சொல் கழிவு. மருந்தளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளியே இடம் மாறிப் போய்விடுவார் என்பது அவர் கட்சி.

நாங்கள் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிற ஒப்பந்தக்காரர்கள். உள்ளே ஜன்னல் வைத்த சின்ன அறையில் நிரந்தர ஊழியர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலிக்குத் தேர்வு வைத்து எங்களில் ஒருவரை எடுப்பார்கள் என்று நான் சேர்ந்த நாளிலிருந்தே பேச்சு. ஐம்பத்தைந்து சொல்லுக்கு மேல் இருக்க வேண்டும், அதில் முதலாவதாக வர வேண்டும். நான் அப்போதே ஐம்பத்திரண்டு. பலகையில் முதல் வரி என் வரி. அந்த நாற்காலி எனக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

டெய்லர் அக்கா வந்தது அதன் பிறகுதான்.

நாற்பதை நெருங்கிய வயது. பதினாறு வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தவர். முழுச் சட்டை தைத்ததே இல்லையாம். காலர், காலர், காலர் மட்டும். தொழிற்சாலையை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். கணவர் அதற்கும் முன்னாலேயே வேறு எங்கோ போய்விட்டார். மீதி இருந்தது ஒரு மகளும், காலர் தைக்கத் தெரிந்த இரண்டு கையும். யாரோ சொல்லி எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தார். எனக்கு வலது பக்கம், ஒரு மேசை தள்ளி உட்கார வைத்தார்கள். புதிதாக வருகிறவர் தலையில் எப்போதும் பழைய சாமானைத்தான் கட்டுவார்கள். அவருக்குக் கிடைத்ததும் யார் யாரோ அடித்துத் தேய்த்த கீபோர்டு.

முதல் நாள் அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"எழுத்தெல்லாம் ஏன் இப்படிக் கலைஞ்சு கெடக்கு? வரிசையா வெச்சா என்னவாம்?"

அறையே சிரித்தது. என் சிரிப்பு மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டதாகப் பிறகு ஒருவர் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய வேகம் பதினொன்று. பலகையில் கடைசி வரி. ஸ்டாப்வாட்ச் அதை எழுதும்போது பேனாவில் மை தீர்ந்துபோனது. பதினொன்றை எழுத அதற்கே மனசு வரவில்லை என்றேன். நல்ல ஜோக் என்று மெச்சினார்கள். டெய்லர் அக்காவும் சிரித்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் 'பதினொன்று' என்று எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, தையல் கம்பெனியில் மணிக்கு ஒரு தடவை எண்ணிக்கை எழுதுவார்கள், அந்தப் பழக்கம் என்றார்.

அடுத்தது பதினான்கு. அதற்கடுத்ததும் பதினான்கு. பிறகு பத்தொன்பது. நான் கவனிக்கவே இல்லை. இருபத்தேழு வந்தபோது, பரவாயில்லை அக்கா என்று தாராளமாக ஒரு பாராட்டு கொடுத்தேன். தோற்கப்போகாதவன் கொடுக்கிற பாராட்டுக்கு ஒரு ருசி உண்டு. கொடுக்கிறவனுக்குத்தான் இனிக்கும்.

முப்பத்தெட்டு வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றது.

நாற்பத்தாறு வந்த வாரம் அவர் அடிப்பதை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். முதுகு வளையவில்லை. கண் திரையிலேயே இருந்தது. கை மெதுவாகப் போவதுபோல்தான் தெரிந்தது, அதுதான் எரிச்சல். என் கீபோர்டில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம் வரும். அவருடையதில் தூறல்தான், ஆனால் விடாத தூறல். மிதியில் அவர் பாதம் இருப்பதே தெரியாது. நாங்கள் மிதியிலிருந்து காலை எடுப்பதற்குள் மருத்துவர் நாலு சொல் கூடுதலாகப் பேசிவிடுவார், பின்னால் ஓட்ட வேண்டும். அவருக்கு ஒரு சொல்கூடத் தாண்டாமல் டக்கென்று நிற்கும். பதினாறு வருடம் தையல் மெஷினை மிதித்த கால் அல்லவா. இது போட்டியா, அநியாயமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். என் கால்கள் இரண்டும் கல்லூரிக்குப் போய்வந்த கால்கள். அதில் என்ன பயன்?

அவர் வந்த ஒன்பதாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டாப்வாட்ச் பலகையில் முதல் வரியை அழித்தார். 'டெய்லர் – 57' என்று எழுதினார். அடுத்த வரியில் 'டிகிரி – 54'.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போவது எப்படி என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலு மேசையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போனேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. வாடகை அறையில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அடித்தேன். வேகம் ஏறியது. பிழையும் கூடவே ஏறியது. ஐம்பத்தாறு தொட்டேன், ஐம்பத்து மூன்றுக்கு இறங்கினேன். அவர் அறுபதில் நின்று என்னைப் பார்த்து, "இன்னிக்குக் கை சரியில்லையா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்பார். அந்த அக்கறையில் எனக்குக் காதில் புகை வரும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெளியே எங்கோ தனியாகப் பயிற்சி எடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். பத்தாவது தோற்றவருக்கு வேறு எப்படி வரும்? ஒரு நாள் மழை விட்ட மாலையில் அவர் குடையை மறந்துவிட்டுப் போனார். வெளிப்படையாகச் சொன்னால், மறக்கட்டும் என்று அதை நான்தான் என் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். மறுநாள் விடுமுறை. குடையைக் கொடுக்கிற சாக்கில் முகவரி விசாரித்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது மாடி, ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. துணி தேய்க்கிற மேசையின்மேல் ஒரு கீபோர்டு. அதன் ஒயர் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு, எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் இல்லை, திரை இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கட்டிலில் காலை நீட்டி, அறிவியல் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவரைப் பார்த்தபடி அதை அடித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பாடம் மனப்பாடம், அம்மாவுக்கு வேகம். ஒரே வாசிப்பில் இரண்டு வேலை.

"பழைய சாமான் கடையில சும்மா கெடந்துச்சு தம்பி. கம்ப்யூட்டர் வாங்கற வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

அடித்தது சரியா தப்பா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தையல் கோணினா துணியப் பார்த்தா தெரியணும்? வெரலுக்கே தெரியும். தெரிஞ்ச உடனே அடுத்ததுல மெதுவாப் போவேன். அவ்ளோதான்."

மகள் பாடத்தை நிறுத்திவிட்டு, "அண்ணா, நீங்கதான் டிகிரியா? அம்மா உங்களப் பத்திச் சொல்லும்" என்றாள். குடையைக் கதவோரம் சாத்தி வைத்தேன். டீ குடிக்கச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

வேறு யாராவது அந்த அறையிலிருந்து நாலு நல்ல விஷயம் கற்றுக்கொண்டு இறங்கியிருப்பார்கள். பொறாமைக்காரனுக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்யும். படி இறங்கும்போதே நான் துப்பறிந்து முடித்துவிட்டேன். செத்த கீபோர்டில் அடித்து ஒருவருக்கு அறுபது வர வாய்ப்பே இல்லை. அப்படியானால் ரகசியம் அலுவலகத்துக் கீபோர்டில்தான். பழைய தயாரிப்பு, பொத்தான்கள் நன்றாக இளகியவை, தொட்டாலே இறங்கும். எனக்குக் கொடுத்ததோ புதுசு, விறைப்பு. அவர் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் சாமானில் இருக்கிறது. இப்படி நினைத்ததும் பல வாரம் கழித்து எனக்கு நன்றாகப் பசித்தது.

தேர்வு நாளை அறிவித்தார்கள். ஒரு நாற்காலி, இருபது பேர். ஆனால் உண்மையில் இரண்டே பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா போன் செய்து, நிரந்தரமானதும் புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணிகூட அடித்துவிட்டாராம்.

அன்று அரை மணி நேரம் முன்னால் போனேன். அறையைப் பெருக்குகிறவர் அப்போதுதான் முடித்துவிட்டு வாளியோடு வெளியே போனார். அக்காவின் கீபோர்டைக் கழற்றி என் மேசையில் மாட்டினேன். என்னுடையதை அவருக்கு மாட்டினேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கிட்டத்தில் தெரியும்: அவருடையதில் எழுத்துகள் முழுக்கத் தேய்ந்து போயிருந்தன. வழுக்கைத் தலைகளை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நான் அசரவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு, 'கீபோர்டைப் பார்க்கவே கூடாது, நான் பார்ப்பதே இல்லை' என்று பாடம் எடுக்கிறவன் நான். எழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பத்து மணிக்கு ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் இரண்டு நிமிடம் பறந்தேன். சத்தியமாகப் பறந்தேன். பொத்தான்கள் வெண்ணெயாக இறங்கின. நான் நினைத்தது சரிதான் என்று சிரிப்புக்கூட வந்தது. காதில் மருத்துவர் மருந்தளவு சொல்ல ஆரம்பித்தார். ஏதோ ஒன்று முந்நூற்று எழுபத்தைந்து, காலையிலும் இரவிலும். எண் வரிசைக்குப் போக என் கண் தானாகக் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. ஏழு எது, எட்டு எது? குத்துமதிப்பாக ஒன்றை அடித்தேன். தப்பு. அழித்தேன். மறுபடி தப்பு. மருத்துவர் அதற்குள் மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டார். மிதியிலிருந்து காலை எடுத்தேன். தலையை நிமிர்த்தி எழுத்துகளை அடிக்கப் போனால், இதுவரை பார்க்காமல் அடித்த எழுத்துகளும் என்னை விட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடவையாவது நான் கீழே பார்த்து வந்திருக்கிறேன். இத்தனை காலம் அது எனக்கே தெரியாது.

அந்த வழுக்கைத் தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு பொத்தானில் மட்டும் குறி பளிச்சென்று, நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. வலது மேல் மூலை. இடது பக்கம் காட்டும் அம்புக்குறி. அடித்ததை அழிக்கிற பேக்ஸ்பேஸ்.

அதை அவர் தொட்டதே இல்லை. வருடக் கணக்கில் அதற்கு முன்னால் அடித்தவர்களும் அதிகம் தொடவில்லை போலிருக்கிறது. நான்தான் மீதி எட்டு நிமிடமும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே பொத்தான் அதுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பலகையில் முடிவு வந்தது. டெய்லர், ஐம்பத்தொன்பது. டிகிரி, இருபத்தெட்டு. எனக்கும் மேலே பதினோரு பேர். என்னைவிட நாலு மாதம் பின்னால் வந்தவர் என் தோளைத் தட்டி, "விடு டிகிரி, உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடலாம்" என்றார். அறையில் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அவருடைய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அறுபத்து மூன்று வரும். என் கீபோர்டில் அடித்ததால் நாலு குறைந்திருக்கிறது. நாலுதான் குறைந்திருக்கிறது.

சாப்பாட்டு இடைவேளையில் அறை காலியான பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். கக்கத்தில் என் கீபோர்டு. என் முன்னால் இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு, என்னுடையதைத் தன் கையாலேயே மாட்டினார்.

"மொத எழுத்த அடிச்சவுடனே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

ஒயரைச் சரிசெய்கிறவன்போல் மேசைக்கு அடியில் குனிந்தேன்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். இது என்ன, எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஸ்டாப்வாட்ச்கிட்ட சொல்லப் போறீங்களா அக்கா?"

"சொல்லி? அந்த ஆளு மறுபடியும் பரீட்சை வெப்பாரு. மறுபடியும் நான் இன்னொரு பத்து நிமிஷம் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காரணும்." போகத் திரும்பியவர் நின்று, என் கீபோர்டின் மூலையை விரலால் தட்டினார். "இதுல ஒரே ஒரு பட்டன்தான் தேஞ்சிருக்கு, பாத்தியா? எங்க கம்பெனியில உன்னைய மாதிரி ஒருத்தி இருந்தா. தைக்கறதுல அவள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பாதி நாள் தச்சதப் பிரிச்சுக்கிட்டுதான் இருப்பா."

அவள் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தா. எண்ணிக்கையிலதான் என்னைய முந்தவே முடியல."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதுவரை அவரை ஒரு அப்பாவி என்றுதான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். வேறு ஒரு அக்காவுக்குக் கிடைத்துவிட்டது என்றேன். அவர் எதுவரைக்கும் படித்திருக்கிறார் என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ள ராவும் பகலும் ஒழைச்சிருக்கும்டா" என்றார்.

என்னைப் பெற்றவரே கட்சி மாறிவிட்டார். போனை வைத்த பிறகு, ஆணி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி கூப்பிட்டு அதை மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஒரு ஸ்பூன் காம்பை நுழைத்து நெம்பி, என் கீபோர்டிலிருந்து பேக்ஸ்பேஸ் பொத்தானைப் பிடுங்கி எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது ஒரு சின்னப் பள்ளமும், அதன் நடுவே ரப்பர் மொட்டும்தான். அழுத்தினால் வேலை செய்யும், ஆனால் விரல் நுனி வலிக்கும். எழுத்துகளின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். முதல் வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது இருபத்திரண்டு. அறை சிரித்தது. சத்தமாகச் சிரித்தவர்கள் யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டையும் ஒரு தாளில் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பது. முப்பத்தைந்து. நாற்பத்து மூன்று. எட்டு மாதம் ஆகிறது.

டெய்லர் அக்கா இப்போது உள் அறையில் இருக்கிறார். கீபோர்டையும் கையோடு கொண்டுபோய்விட்டார். வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டதாம், மகள் தொட விடுவதில்லையாம். நிரந்தர ஊழியர்கள் பலகையில் வர வேண்டியதில்லை. அவர்களை யாரும் அளப்பதில்லை. ஆனால் இவர் மட்டும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சரியாக வெளியே வந்து, காலியாக இருக்கிற ஏதாவது மேசையில் உட்கார்ந்து எங்களோடு அடிப்பார். ஏன் வருகிறார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பலகையில் எண்கள் எழுதி முடிந்தன. முதல் வரி டெய்லர், அறுபத்தைந்து. இரண்டாவது வரி டிகிரி, அறுபத்திரண்டு. உள் அறையில் இன்னொருவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிற நேரம். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வெளி அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்த மூன்று சொல்லிலேயே நின்றது.

அப்போது அவர் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தன் வரியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. நேராக என் வரிக்குப் போனார். அங்கேயே நின்றார். உதடு லேசாக அசைந்தது, கழித்துப் பார்க்கிறார். பிறகுதான் மேலே தன் எண்ணைப் பார்த்தார்.

"போன வாரத்தவிட நாலு ஏறியிருக்கு போல" என்றார். குரலில் பாராட்டு இருந்தது. முழுக்கப் பாராட்டு இல்லை.

"ஏதோ அக்கா, உங்க புண்ணியம்" என்றேன்.

ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். பதினொன்றரைக்கு எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். வழக்கமாக முதலில் எழுந்து கூப்பிடுகிறவர் அவர்தான். அன்று உள் அறைக் கதவு மூடியே இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். உள்ளே அவர் கீபோர்டு விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

இத்தனை மாதத்தில் நான் அனுபவித்த அத்தனை எரிச்சலுக்கும் அந்தச் சத்தம் ஒன்றே போதும்போல் இருந்தது. ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். அன்று நானும் டீக்குப் போகவில்லை.